மஞ்சள் விளக்கும் இடைக்காட்டூர்ப் பயணமும்

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் பெருஞ்சாலையில், முத்தனேந்தல் என்னும் ஊரருகே இடப்பக்கமாக ஒரு கிளைச்சாலை பிரிகிறது. அது இடைக்காட்டூருக்கு இட்டுச் செல்லும். மதுரையிலிருந்து சற்றேறக்குறைய 36 கிலோமீட்டர். அங்குள்ள திரு இருதய ஆலயத்தை நம் வாசகர்களுள் பலர் கண்டிருப்பர். நானும் சிறுவயது முதல் பலமுறை சென்று வந்தவன். ஆயினும் சென்ற தை மாதத்தில் நாங்கள் அங்குச் சென்ற பயணம் மற்றப் பயணங்களைப் போன்றதன்று. எங்கள் காரின் நோய் இன்னதென்று அறிவதற்காகவே அப்பயணம் மேற்கொள்ளப்பட்டது.

அந்தக் கார் என் தந்தையார் 2018-ஆம் ஆண்டு வாங்கியது. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் இருந்தவரை நாள்தோறும் ஓடிய வண்டி, அதன்பின் புதூரில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்பதையே தொழிலாகக் கொண்டது. ஞாயிறு காலையில் கோவிலுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், திங்களுக்கு ஒருமுறை அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நான்கு கிலோமீட்டர், அவ்வளவே. ஆண்டு முழுவதும் ஓடிய தொலைவு ஆயிரம் கிலோமீட்டரை எட்டவில்லை.

சென்ற ஆண்டு ஆவணியில், முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவம் கொண்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. ஒரு பணிமனைக்குக் கொண்டு சென்றேன். அவர்கள் கருவியைப் பொருத்தி, விளக்கை அணைத்துத் தந்தனர். பத்து நாளில் மீண்டும் எரிந்தது. இம்முறை ஆக்சிஜன் சென்சார் பழுதென்று கூறி, எட்டாயிரம் ரூபாய்க்குப் புதியது மாற்றினர். மூன்று வாரத்தில் மீண்டும் எரிந்தது. மூன்றாம் முறை, பெட்ரோல் பம்பையும் எரிபொருளை எஞ்சினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டும், நாற்பதாயிரம் ஆகும், இவ்வளவு குறைவாக ஓட்டும் வண்டிக்கு அது தகாது, விற்றுவிடுவதே நலம் என்றனர்.

அம்மா அந்த விளக்கைக் கண்டு அஞ்சத் தொடங்கினார்கள். “வழியிலே நின்றுவிட்டால் என்னையும் வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? எனக்காக ஒரு வண்டியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், விற்றுவிடு” என்றார்கள். தாம் மணமுடித்த இடைக்காட்டூர்க் கோவிலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அதற்கு முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அப்பேச்சையும் விட்டுவிட்டார்கள். மருத்துவரிடம் செல்லும் நாளையும் ஏதேனும் காரணம் சொல்லித் தள்ளிப்போட்டார்கள். பழுது வண்டியோடு நிற்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

விளக்கை அணைக்காத மெக்கானிக்

நண்பர் ஒருவர் சொல்ல, செல்லூர்ப் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக்கிடம் சென்றேன். அக்கம்பக்கத்தார் அவரை “பாய்” என்றே அழைக்கின்றனர். அம்பாசிடர் கார்களோடு தொழிலைத் தொடங்கியவர். இன்று சிறிய ஸ்கேனர் கருவியையும் பழகிக்கொண்டிருக்கிறார். அவர் செய்த முதற்செயல் எனக்கு வியப்பளித்தது. விளக்கை அவர் அணைக்கவில்லை.

“அணைத்துவிட்டால் அது சொல்ல வந்த சங்கதியும் அழிந்துபோகும் ஐயா” என்றார். பழுதைக் கண்ட வேளையில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வேகத்தில் சுழன்றது, வண்டி ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா என்பவற்றையெல்லாம் எஞ்சினை ஆளும் கணினி குறித்து வைத்திருக்குமாம். அக்குறிப்பைப் படித்து ஒரு தாளில் எழுதினார். பழுதின் எண் பி 0171. எஞ்சினுக்குள் காற்று மிகுந்தும் பெட்ரோல் குறைந்தும் கலக்கின்றன என்பது அதன் பொருள். பழுது காணப்பட்ட வேளையில் வண்டியின் வேகம் சுழியம்.

“இந்த எண் குற்றவாளியின் பெயரன்று, சாட்சி சொன்ன சொல். ஆக்சிஜன் சென்சார் புகைக்குழாயில் இருந்துகொண்டு, காற்று மிகுதியாக வருகிறது என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறது. சொன்னவனையே மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவனும் அதையேதான் சொல்கிறான்” என்று சிரித்தார்.

பின்னர், காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்று விளக்கினார். பம்பு சோர்ந்திருந்தால் பெட்ரோல் போதாது. எங்கேனும் பிளவு இருந்தால் அளவுக்குள் வராத காற்று திருட்டுத்தனமாக நுழையும். இரண்டிற்கும் விளக்கு ஒன்றே, எண்ணும் ஒன்றே. ஆனால் நடத்தை வேறு. பம்பு சோர்ந்த வண்டிக்கு, பெட்ரோல் மிகுதியாகத் தேவைப்படும் பெருவேகத்தில்தான் பற்றாக்குறை கூடும். காற்றுக் கசிவுள்ள வண்டிக்கு, நின்ற நிலையில் எஞ்சின் ஓடும்போது குறை மிகும். வேகமாகச் செல்லும்போது மறையும். ஆழாக்குத் தண்ணீரை ஒரு படி பாலில் கலந்தால் நாவுக்குத் தெரியும். ஒரு குடம் பாலில் கலந்தால் தெரியாது. அதுபோல, நின்ற எஞ்சின் இழுக்கும் காற்று சிறிதாகையால் அங்கே சிறு கசிவும் பெரிதாகத் தோன்றும்.

“பணிமனையில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும். நல்ல சாலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். மஞ்சள் விளக்கு நிலையாக எரியும்வரை நிதானமாகச் செல்லலாம். சிமிட்டத் தொடங்கினால் ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும்” என்றார். ஸ்கேனரையும் கொடுத்தனுப்பினார். கணினி தான் வகுத்த அளவுக்கு மேல் நூற்றுக்கு எத்தனை பங்கு பெட்ரோலைக் கூட்டி ஊற்றுகிறது என்பதை அக்கருவி எண்ணாகக் காட்டும். நலமான வண்டியில் அது சுழியத்தை ஒட்டியே இருக்கும்.

எங்கே செல்வது என்ற வினாவுக்கு இடமே இல்லை. “அம்மா, வண்டியைச் சோதிக்கப் போகிறோம். இடைக்காட்டூர் வரை” என்றேன். சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, அம்மா சேலை மாற்றிக்கொள்ளச் சென்றார்கள்.

புதூர் முதல் தெப்பக்குளம் வரை

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். என் மகன் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைப் படிக்க, என் துணைவியார் பழைய குறிப்பேடொன்றில் இடத்தின் பெயரோடு எழுதிவந்தார். வீட்டு வாயிலில் எண் 23. கோரிப்பாளையத்துச் சிக்னலில் காத்திருந்தபோது 24. 1889-ஆம் ஆண்டு முதல் வைகையின் இரு கரையையும் இணைத்து நிற்கும் ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் ஊர்ந்தபோது 19. கீழே ஆற்றில் நாணலுக்கிடையே ஒரு நீர்க்கோடும், அதில் சில கொக்குகளும் இருந்தன. கீழவெளி வீதியில் புனித மரியன்னை பேராலயத்தின் இரட்டைக் கோபுரம் கண்ணில் பட்டதும் அம்மா நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்கள். அவர்கள் பார்வை மட்டும் அந்த மஞ்சள் விளக்கை விட்டு அகலவில்லை.

மதுரை மோட்டார் வண்டிக்குப் புதிய நகரன்று. டி.வி. சுந்தரம் ஐயங்கார் இங்கே பேருந்துத் தொழிலைத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் அரிதானபோது, கரியைக் கொண்டு வாயு உண்டாக்கும் கலன்களை அவருடைய நிறுவனம் செய்து, பேருந்துகளை ஓடச் செய்தது. அக்கால வண்டியில் எச்சரிக்கை விளக்கு ஏது? ஓட்டுநரின் காதும் மூக்குமே விளக்குகள்.

இந்த விளக்கு பிறந்ததற்குக் காரணம் பழுதைக் காட்டுவதைக் காட்டிலும் புகையைத் தடுப்பதே என்பதைப் பலர் அறியார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் சூழ்ந்தபோது, மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஆவிகள் வெயிலில் மாறுவதே அதற்குக் காரணம் என்று ஹாகன்-ஸ்மித் என்னும் அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். அதன்வழி வந்த சட்டங்களால், வண்டி தன் புகையைத் தானே கண்காணித்து, மிஞ்சினால் விளக்கேற்றிச் சொல்ல வேண்டும் என்னும் நெறி கலிபோர்னியாவில் தோன்றியது. 1996-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கா முழுவதும் எல்லாப் புதிய கார்களுக்கும் ஒரே வகைப் பொருத்தியும் ஒரே வகைப் பழுது எண்களும் வந்தன. நம் நாட்டில் பாரத் நான்காம் நிலை விதிகள் 2010-இல் பெருநகரங்களிலும், 2017 ஏப்ரல் முதல் நாடெங்கும், ஆறாம் நிலை விதிகள் 2020 ஏப்ரல் முதலும் நடைமுறைக்கு வந்தன. எங்கள் காரின் பொருத்தி, ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, பதினாறு முனைகளோடு மறைந்திருக்கிறது. அதில்தான் பாயின் கருவி செருகப்பட்டிருந்தது.

திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டுவித்த தெப்பக்குளத்தின் ஓரமாக நெரிசலில் சிக்கி நின்றோம். எண் 22. நீர் நிரம்பிய குளத்தில் மைய மண்டபத்தின் நிழல் அசைந்தது. “இன்னும் ஊரையே தாண்டவில்லை” என்று அம்மா மெல்லச் சொன்னார்கள்.

வைகைச் சமவெளியில்

விரகனூரைக் கடந்ததும் சாலை விரிந்தது. வேகம் எழுபதைத் தொட்டது. “பதினொன்று... ஒன்பது... ஏழு” என்று மகன் படித்துக்கொண்டே வந்தான். சிலைமானைத் தாண்டி, இருபுறமும் தென்னந்தோப்புகளும், செங்கற் காளவாசல்களும், அறுவடை முடிந்த வயல்களும், கண்மாய்க் கரைகளும் பின்னோக்கி ஓடின. திருப்புவனப் பகுதியில் எண் 5. எங்களுக்குள் ஒரு நம்பிக்கை அரும்பியது. பம்பு சோர்ந்திருந்தால் இங்கே எண் ஏறியிருக்க வேண்டும், மாறாக இறங்கிவிட்டது.

கீழடிக்குப் பிரியும் சாலையைக் கண்டபோது, முந்திய ஆண்டு அங்கே அகழ்வைப்பகத்தில் பார்த்தவை நினைவுக்கு வந்தன. 2014-15-இல் தொடங்கிய அகழாய்வில், பானையோடு ஒன்று கிடைத்தால் அதை உடனே பிடுங்கி எடுத்துவிடுவதில்லை. எந்தக் குழியில், எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று குறித்த பின்னரே எடுக்கிறார்கள். குறிக்காமல் எடுத்த ஓடு வெறும் ஓடே. அதற்கு வரலாறு இல்லை. எங்கள் வண்டியின் விளக்கை மூன்று முறை குறிப்பின்றி அணைத்தது எத்தகைய பிழை என்பது அப்போது தெளிவாக விளங்கியது.

திருப்பாச்சேத்திச் சுங்கச்சாவடியில் வரிசையில் நின்றோம். நின்ற சில நொடிகளிலேயே எண் 21 ஆயிற்று. சாவடியைக் கடந்து வேகமெடுத்ததும் மீண்டும் ஆறுக்கு இறங்கியது. பின்னிருக்கையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: “இப்போது எவ்வளவு?” பதிலைக் கேட்டுவிட்டு, “நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. அப்படியானால் பாய் சொன்ன இரண்டாவது” என்றார்கள். விளக்கைக் கண்டு அஞ்சியவர்கள் அதன் கணக்கைத் தொடர்ந்து வந்திருக்கிறார்கள்!

முத்தனேந்தலில் திரும்பி இடைக்காட்டூரை அடைந்தோம். இடைக்காடர் என்னும் சித்தரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய ஊர் இது. சுற்றிலும் சிற்றூர்களும் கருவேலங்காடுமாய்க் கிடக்கும் சமவெளியில், பிரெஞ்சு நாட்டு ரீம்ஸ் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த கூர்முகட்டுக் கோபுரங்கள் திடீரெனத் தோன்றும் காட்சி, எத்தனை முறை கண்டாலும் புதியதே. 1894-ஆம் ஆண்டு இந்த ஆலயத்தைக் கட்டியெழுப்பியவர் பிரெஞ்சுக் குருவான பெர்டினாண்டு செல் அடிகளார்.

அம்மா ஆலயத்தினுள் முன்வரிசையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார்கள். வெளியே வந்தபின், தாம் மணமகளாக வந்து நின்ற இடத்தைப் பேரனுக்குக் காட்டினார்கள். மாட்டுவண்டியில் வந்த கதையையும், வழியில் அச்சாணி கழன்றதையும், தாத்தா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சக்கரத்தைத் தூக்கிப் பிடித்ததையும் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் கேட்காதிருந்த சிரிப்பு அது.

சுண்டெலி செய்த வேலை

மறுநாள் குறிப்பேட்டைப் பாயிடம் நீட்டினேன். படித்து முடித்து, “பம்பைத் தொட வேண்டாம்” என்றார். பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டார். ஒரு நீண்ட ரப்பர்க் குழாயின் ஒரு முனையைத் தம் காதில் வைத்து, மறுமுனையை, சுழலும் பாகங்களுக்கு எட்டாதவாறு எச்சரிக்கையோடு, இங்குமங்கும் நகர்த்தினார். மானாமதுரையில் கடம் செய்வோர் தட்டிப் பார்த்தே பானையின் குறையை அறிவர். அத்தகைய செவி அவருக்கு. எஞ்சினின் பின்புறம் ஓரிடத்தில் நின்றார். என்னையும் கேட்கச் செய்தார். ‘உஸ்’ என்று மெல்லிய ஓசை.

விரல் பருமனுள்ள ஒரு ரப்பர்க் குழாயின் அடிப்பகுதி கடிக்கப்பட்டிருந்தது. மேலிருந்து நோக்கினால் கண்ணுக்குத் தெரியாது. அவர் அவ்விடத்தை விரலால் இறுகப் பிடித்ததும், கருவியில் 23 என்றிருந்த எண் படிப்படியாக மூன்றுக்கு இறங்கியது. அதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்? அருகே தென்னை நாரும், வேப்பஞ் சருகும், எங்கள் வீட்டுக் கொடியில் உலர்த்திய துணியொன்றின் கிழிசலும் சேர்த்துக் கட்டிய எலிக்கூடு இருந்தது. ஓடாமல் நின்ற வண்டி ஒரு குடும்பத்துக்கு வீடாகியிருக்கிறது!

புதிய குழாய்க்கு 180 ரூபாய், கூலி 400. பேட்டரியையும் அளந்து பார்த்தார். நிறைந்த நிலையில் 12.6 வோல்ட் காட்ட வேண்டியது 12.2 காட்டியது; அதாவது பாதியே மிச்சம். அதையும் மின்னேற்றித் தந்தார்.

அப்போதும் அவர் விளக்கை அணைக்கவில்லை. பழுது இரண்டு பயணங்களில் தொடர்ந்து தென்பட்ட பின்னரே இவ்வகை விளக்கு ஏறுமாம். மூன்று பயணங்கள் தொடர்ந்து பழுதின்றி முடிந்தால் அதுவே அணையுமாம். அழித்த பின்னும் சில நாள் எரியாமலிருந்து எங்களை ஏமாற்றியதன் காரணம் அதுவே. “தானாக அணையட்டும் ஐயா. அப்போதுதான் உங்களுக்கும் நம்பிக்கை, எனக்கும் நம்பிக்கை” என்றார்.

நிறுத்தி வைத்திருப்போருக்கு

நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று இத்தகைய கார் ஒன்று நிற்கிறது. பிள்ளைகள் வெளியூரில்; முதியோர் மட்டும் வீட்டில். அவர்களுக்காகப் பாயிடம் கேட்டறிந்தவற்றை இங்கே தருகிறேன். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டி அணைப்பது பயன் தராது. எஞ்சின் முழுச்சூடு அடையாமையால் புகைக்குழாயிலும் எண்ணெயிலும் ஈரம் தங்கும். எஞ்சினை முடுக்கச் செலவான மின்சாரமும் பேட்டரிக்கு முழுமையாகத் திரும்பாது. வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் சாலையில் ஓட்டுவதே நன்று. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது; அதை மாதக்கணக்கில் தொட்டியில் கிடக்க விடலாகாது. பானட்டை வாரம் ஒருமுறை திறந்து எலியின் புழுக்கை, சருகு, கடித்த தடம் உண்டா எனப் பார்க்க வேண்டும்.

விளக்குகளுள் வேறுபாடு அறிவதும் தேவை. எண்ணெய்க் குவளை, வெப்பமானி ஆகியவற்றின் சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. முதலில் பழுதின் எண்ணையும் அதனோடுள்ள குறிப்பையும் எழுதித் தரக் கேளுங்கள். அதன் பின்னரே அழிக்கவோ, பாகத்தை மாற்றவோ இசையுங்கள்.

குழாய் மாற்றிய மறுநாள் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த நாள் அழகர்கோவில் சாலையில் வெகுதூரம் சென்று திரும்பினோம். அன்றும் எரிந்தது. அதன் பின்னர் ஞாயிறு காலையில் கோவிலுக்குப் புறப்பட்டபோதும் எரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் உள்ளந்தான் கலங்கியது. மாலையில் மீண்டும் சாவியைத் திருகினேன். வழக்கம்போல் எல்லா விளக்குகளும் ஒருங்கே ஒளிர்ந்தன. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியாக அந்த மஞ்சள் விளக்கும் அணைந்தது.

சில கணம் நாங்கள் எவரும் பேசவில்லை. பிறகு பின்னிருக்கையிலிருந்து அம்மா கேட்டார்கள்: “அடுத்த வாரம் மானாமதுரை வரை போகலாமா? மீன்குழம்பு வைக்க நல்ல மண்சட்டி ஒன்று வாங்க வேண்டும். நீங்கள் வாங்கினால் தட்டிப் பார்க்காமல் வாங்கி வந்துவிடுவீர்கள்.”